பக்கத்து வீட்டு சிகரெட் புகை ஃபிளாட்டுக்குள் வருகிறதா? எந்த வழியாக என்று கண்டுபிடித்து அடைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓவர்போர்ட், சிடன்ஹாம் பக்கத்து வாடகை ஃபிளாட்களில் சின்னச் சின்னப் பழுது பார்ப்பது என் வேலை. குழாய் ஒழுகுகிறது, கதவு சாத்த முடியவில்லை என்ற அழைப்புகளுக்கு அடுத்தபடி எனக்கு அதிகம் வருவது இதுதான்: "அண்ணா, யாரோ பிடிக்கிற சிகரெட் எங்க வீட்டுக்குள்ள நாறுது." நான் போய்ச் சேர்வதற்குள் பல வீடுகளில் சண்டை தொடங்கியிருக்கும், அதுவும் சம்பந்தமே இல்லாத ஆளோடு. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்தான் காரணம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். புகை சுவரைத் துளைத்து வராது. ஓட்டை இருக்கிற இடத்தில் வரும், நான் பார்த்தவரை அது கீழ் வீட்டிலிருந்து வருவதே அதிகம். யார் பிடிக்கிறார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம், எங்கே நுழைகிறது என்பதை முதலில் பாருங்கள்.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே போய்விடலாம். ஆனால் அதற்கு முன் இந்தச் சோதனையை எல்லோரும் செய்துவிடுங்கள்.

எல்லோருக்கும்: ஊதுபத்திச் சோதனை

யாரும் சிகரெட் பிடிக்காத நேரமாகப் பாருங்கள். எல்லா ஜன்னலையும் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்துங்கள். குளியலறையிலும் சமையலறையிலும் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சாம்பல் விழ அடியில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு, சந்தேகமான இடங்களில் மெதுவாகக் காட்டுங்கள்: கதவின் அடி, ஜன்னல் ஓரம், சிங்க்கின் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடம், கழிப்பறைக் குழாயைச் சுற்றி, பிளக் பாயின்ட் ஓரம், சுவர் அலமாரியின் மூலை. ஊதுபத்திப் புகை நேராக மேலே போனால் அங்கே கசிவு இல்லை. சுவரை விட்டு விலகி உங்கள் பக்கம் சாய்ந்தால் அங்கிருந்துதான் காற்று உள்ளே வருகிறது. அந்த இடத்தில் பென்சிலால் சின்ன அடையாளம் போடுங்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் மட்டும் கவனம்.

அப்புறம் எக்ஸாஸ்டை நிறுத்திவிட்டு அதே இடங்களில் மறுபடி காட்டுங்கள். இப்போது புகை நேராக நின்றால், உங்கள் எக்ஸாஸ்ட்தான் அடுத்தவர் புகையை இழுத்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இதைக் கேட்டுப் பலர் என்னை நம்பாமல் பார்ப்பார்கள். ஜன்னலெல்லாம் சாத்திய வீட்டில் அந்த ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வேறு வழி இல்லாவிட்டால் கீழ் வீட்டுக் குழாய் ஓட்டை வழியாக வரும்.

இன்னொன்று: வீட்டிலேயே இருந்தால் மூக்குக்கு நாற்றம் பழகிவிடும். வெளியே போய்விட்டுத் திரும்பும்போது, கதவைத் திறந்ததும் எந்த அறையில் அதிகம் என்று பாருங்கள். வந்ததும் முதலில் இழுக்கிற மூச்சைத்தான் நம்பலாம்.

அறிகுறி 1: ஜன்னலையோ பால்கனிக் கதவையோ திறந்தால்தான் நாற்றம்

*சாத்தினால் நின்றுவிடுகிறதா?* அப்படியென்றால் கீழே அல்லது பக்கத்தில் உள்ள பால்கனியிலிருந்து வருகிறது. முதல் சந்தேகம் நேர்க்கீழ் பால்கனிமீது இருக்கட்டும். புகை வெளிச்சுவரை ஒட்டியே மேலே ஏறும்.

*சில நாள் வருகிறது, சில நாள் இல்லையா?* காற்றின் திசையைக் குறித்து வையுங்கள். டர்பனில் கோடைப் பிற்பகல்களில் வடகிழக்குக் காற்று வீசும், வானிலை மாறும்போது தென்மேற்கு அடிக்கும். எந்தக் காற்றில் எந்த ஜன்னல் நாறுகிறது என்று இரண்டு வாரம் குறித்தால் உங்கள் வீட்டுக் கணக்கு கையில் வந்துவிடும்.

காசில்லாத தீர்வு இதிலிருந்தே கிடைக்கிறது. புகை வருகிற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். சுத்தமான காற்று வருகிற பக்கத்து ஜன்னலைத் திறந்து, ஒரு ஸ்டாண்டு ஃபேனை அங்கே உள்ளே பார்த்து ஊத வையுங்கள். எக்ஸாஸ்டை நிறுத்திவிடுங்கள். வீட்டுக்குள் காற்று நிறைந்து, ஓட்டைகள் வழியாக வெளியே போகத் தொடங்கும். புகை உள்ளே வர இடம் இருக்காது. நாற்றம் வந்ததும் பலரும் ஃபேனை வெளியே பார்த்துத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அது இன்னும் அதிகமாக இழுத்துக் கொண்டுவரும்.

*சாத்தியும் கொஞ்சம் வருகிறதா?* ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டுகிற ஃபோம் டேப் போதும். ஹார்ட்வேர் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், வீட்டைக் காலி செய்யும்போது உரித்துவிடலாம். கடற்கரைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் உப்புக்காற்றுக்கு இரும்பு ஜன்னல் துருப்பிடித்து வளைந்திருக்கும், அதற்கு டேப் நிற்காது. அது வீட்டுக்காரர் செலவில் மாற்ற வேண்டியது. போட்டோ எடுத்து எழுத்தில் கேளுங்கள்.

சுவரின் மேல்பகுதியில் ஓட்டை ஓட்டையாக ஏர்பிரிக் இருந்தால் அதைக் காகிதம் வைத்து நிரந்தரமாக அடைக்காதீர்கள். வீட்டில் கேஸ் அடுப்போ கேஸ் கீசரோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. அந்தக் காற்று இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அது நாற்றமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

அறிகுறி 2: ஜன்னல் சாத்தியிருந்தும் குளியலறையில் நாற்றம்

நான் அதிகம் பார்த்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

*முதலில் தரையில் உள்ள தண்ணீர் வடிகாலைப் பாருங்கள்.* பயன்படுத்தாத ஷவரின் வடிகாலில், வளைவுக் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு நாள் பொறுங்கள். நாற்றம் நின்றால் வேலை முடிந்தது, வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும்.

*எக்ஸாஸ்ட் ஓடும்போது மட்டும் நாறுகிறதா?* குளியலறைக் கதவின் கீழே இடைவெளி இருக்கிறதா, வேறு அறையில் ஒரு ஜன்னல் விரல் அகலமாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனுக்குச் சுத்தமான பக்கத்திலிருந்து காற்று கிடைத்தால் அது ஓட்டை வழியாக இழுக்காது.

*எக்ஸாஸ்ட் நிற்கும்போது மட்டும் நாறுகிறதா?* அப்போது ஃபேனின் குழாய் வழியாகத்தான் திரும்பி வருகிறது. சில கட்டடங்களில் பல வீட்டு எக்ஸாஸ்ட்களும் ஒரே பொதுக் குழாயில் போய்ச் சேரும். ஒருவர் குளியலறையில் ஃபேன் போட்டுப் பிடித்தால் அது உங்கள் ஃபேன் வாய் வழியாக வரும். காற்றைத் திரும்ப விடாத மடல் ஒன்று உங்கள் ஃபேனுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அது உடைந்தோ, தூசி பிடித்துத் திறந்தபடியோ இருக்கும். சுத்தம் செய்தாலே பல இடங்களில் சரியாகிவிடும். ஆனால் ஃபேனைக் கழற்றுவது மின்சார வேலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி, வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்டிடம் கேளுங்கள், நீங்களாக ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள்.

*ஜன்னல் கட்டடத்தின் நடுவில் உள்ள காற்றுக்கூண்டைப் பார்த்துத் திறக்கிறதா?* பழைய கட்டடங்களில் எல்லா வீட்டுக் குளியலறையும் அந்த ஒரே கூண்டுக்குள்தான் திறக்கும். கீழே மூன்றாவது வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று பிடித்தாலும் உங்களுக்கு வரும். இதை அடைத்துத் தீர்க்க முடியாது, பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசுவதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி 3: சிங்க்குக்குக் கீழே, அலமாரிக்குள், பிளக் பாயின்டில் நாற்றம்

ஓவர்போர்ட்டில் ஒரு வீடு. குழந்தைக்கு ராத்திரியெல்லாம் இருமல். பக்கத்து வீட்டு ஆள் மாலையில் காரிடாரில் நின்று பிடிப்பார் என்பதால் அவரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. சமையலறை சிங்க்கின் அடியில் இருந்த சோப்பு பாட்டில்களையும் பழைய பிளாஸ்டிக் பைகளையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். கழிவுநீர்க் குழாய் போவதற்காக உடைத்த ஓட்டையைப் பூசாமலே விட்டிருந்தார்கள். குழாயைச் சுற்றி இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி. அதன் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு. ஊதுபத்தியைக் காட்டியதும் புகை சட்டென்று என் முகத்துக்கு வந்தது. வந்த வழி கீழ் வீட்டுச் சமையலறை. அங்கே ஒரு தாத்தா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிடிப்பாராம். ஓட்டையை அடைத்த அன்றே நாற்றம் நின்றது.

அந்தக் கறுப்புக் கோட்டைத் தேடுங்கள். குழாய் ஓரத்திலோ, சுவரும் தரையும் சேரும் இடத்திலோ, கார்ப்பெட் விளிம்பிலோ அப்படிக் கோடு இருந்தால், அந்த வழியாக ரொம்ப நாளாகக் காற்று வந்துபோகிறது.

*சின்ன இடைவெளி:* பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் போதும். சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது, வாடகை வீட்டில் அது பின்னால் தகராறு. எதை அடைப்பதாக இருந்தாலும் ஏஜென்டுக்கு ஒரு வரி எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

*பெரிய ஓட்டை, குறிப்பாகப் பல மாடிக்கும் பொதுவாகக் குழாய்கள் போகும் கூண்டுக்குள் திறக்கும் ஓட்டை:* சாதாரண ஸ்ப்ரே ஃபோம் அடிக்காதீர்கள், அது தீப்பிடிக்கும். கீழ் வீட்டில் நெருப்பு வந்தால் அந்த வழியாகத்தான் மேலே ஏறும். தீயைத் தாங்கும் சீலன்டால் அடைக்க வேண்டிய இடம் அது, செய்ய வேண்டியது கட்டட நிர்வாகம். கடிதத்தில் "சிகரெட் நாற்றம்" என்பதோடு "மாடிகளுக்கு இடையே தீத்தடுப்பு இல்லாத ஓட்டை" என்றும் எழுதுங்கள். இப்படி எழுதியபோது உடனே ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

*பிளக் பாயின்ட்:* மூடியைக் கழற்றாதீர்கள். ஊதுபத்திச் சோதனையில் காற்று வந்தால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

அறிகுறி 4: வாசல் கதவுப் பக்கம் நாற்றம்

கதவின் அடியில் வெளிச்சம் தெரிகிறதா? அடியில் திருகும் ரப்பர் பட்டை ஒன்று போடுங்கள், மூன்று பக்கச் சட்டத்திலும் ஃபோம் டேப் ஒட்டுங்கள். கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதில் துளை போடக் கூடாது, ஒட்டுகிற வகையை வாங்குங்கள்.

இந்த ஒரு இடத்தில் சட்டம் நேரடியாக உங்கள் பக்கம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும் மூடிய பொது இடங்களிலும் வேலையிடங்களிலும் புகைப்பதைத் தடுக்கின்றன. பணியாளர்கள் நடமாடும் காரிடார், லாபி, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் வேலையிடக் கணக்கில் வரும். உங்கள் கட்டடத்தைத் துடைக்கிற அம்மாவும் இரவுக் காவலாளியும் அங்கே வேலை செய்கிறவர்கள்தானே. ஆகவே காரிடாரில் பிடிப்பவர் விஷயத்தில் தயங்காமல் எழுதலாம். அவரவர் வீட்டுக்குள் பிடிப்பதை அந்தச் சட்டம் தொடுவதில்லை, அதற்கு வேறு வழி, கீழே சொல்கிறேன்.

அறிகுறி 5: ஏசி போட்டால் நாற்றம்

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை இழுக்காது, அறைக் காற்றையே சுற்றிவிடும். எனவே அதன் குழாய் சுவரில் நுழையும் ஓட்டையைப் பாருங்கள், பூச்சு உதிர்ந்திருக்கும். ஜன்னலில் பொருத்தும் ஏசி என்றால் வெளிக்காற்றுக்கான சின்ன நெம்பு ஒன்று இருக்கும், அதை மூடுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஃபில்டரில் பழைய நாற்றம் ஊறியிருக்கிறது, கழுவுங்கள்.

அறிகுறி 6: யாரும் பிடிக்காத நேரத்திலும் நாற்றம்

மழைக்கால ஈரத்தில் அதிகமாகிறதா? சுவரைத் துடைத்தால் துணியில் மஞ்சள் படிகிறதா? இது பக்கத்து வீட்டுப் புகை இல்லை, உங்களுக்கு முன் குடியிருந்தவர் விட்டுப்போனது. சுவர், கூரை, கதவு, அலமாரியின் உட்புறம் எல்லாவற்றையும் சுகர் சோப் (பெயின்ட் அடிக்குமுன் சுவர் கழுவுகிற சோப்பு) கரைத்துக் கழுவுங்கள். திரைச்சீலையைத் துவையுங்கள். கழுவாமல் மேலே பெயின்ட் அடித்தால் மஞ்சள் மறுபடி ஊறி வரும், கழுவிக் காய்ந்தபின் கறை அடைக்கும் பிரைமர் ஒரு பூச்சு வேண்டும். கார்ப்பெட்டில் ஊறியிருந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

குடிவரும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுத வேண்டும் என்று வாடகைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் "சிகரெட் நாற்றம், சுவரில் மஞ்சள் கறை" என்று எழுதியிருந்தால் செலவு அவருடையது என்று கேட்க வலு உண்டு. எழுதாவிட்டால் காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

அறிகுறி 7: ஏர் பியூரிஃபையர் ஓடியும் நாற்றம் போகவில்லை

புகையின் துகளை ஹெப்பா ஃபில்டர் பிடிக்கும், வாயுவையும் நாற்றத்தையும் பிடிக்காது. அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும், அதுவும் கனமாக. மெல்லிய கறுப்புத் துணி போன்ற தாள் மட்டும் இருந்தால் சீக்கிரமே அது தீர்ந்துபோகும். ஓட்டைகளை அடைத்தபின், ஒரே ஒரு படுக்கையறையில், கதவைச் சாத்தி ஓட்டினால் பயன் உண்டு. ஓட்டையை விட்டுவிட்டு முதல் வேலையாக இதை வாங்குவது காசைக் கரைப்பது. ஓசோன் விடும் மெஷின்களை வாங்கவே வாங்காதீர்கள், ஓசோன் நுரையீரலை அரிக்கும்.

சாம்பிராணி போட்டு நாற்றத்தை மறைப்பதும் உதவாது, அதுவும் புகைதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிச் சாம்பிராணி போடுகிற நம் வீட்டுப் புகையும் அதே ஓட்டைகள் வழியாக மேல் வீட்டுக்குப் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். பேசப் போகும்போது அவர்கள் அதைச் சொன்னால், அதற்கும் ஒரு நேரம் பேசி ஒத்துக்கொள்வது நியாயம்.

கஞ்சா நாற்றமென்றால்

மேலே சொன்ன அதே சோதனை, அதே அடைப்பு. பெரியவர்கள் தங்கள் தனியிடத்தில் பயன்படுத்துவது குற்றமல்ல என்று 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் போலீசைக் கூப்பிட்டு மாட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஆனால் அடுத்த வீட்டுக்குத் தொல்லை தரக்கூடாது என்ற விதி அதற்கும் பொருந்தும்.

அடைத்தும் வருகிறதா? பேசுவது

சாயங்காலம், அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள். காலையில் போங்கள். "அங்கிள், உங்களைச் சிகரெட்டை விடச் சொல்ல வரவில்லை. நீங்கள் பாத்ரூம் ஜன்னலில் நின்று பிடித்தால் புகை நேராக எங்கள் பிள்ளை படுக்கிற அறைக்கு வருகிறது. ரோட்டுப் பக்கம் பால்கனியில் பிடித்தால் வராது, நான் பார்த்துவிட்டேன்." கேட்பது ஒரே ஒரு சின்ன மாற்றமாக இருக்கட்டும். முடிந்தால் அவரையே வீட்டுக்கு அழைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் புகை எவ்வளவு தூரம் போகிறது என்று பிடிப்பவருக்குத் தெரியாது, வந்து முகர்ந்தவர்களில் இடத்தை மாற்றிக்கொண்டவர்களே அதிகம்.

பேசியும் பலனில்லையா? எழுத்தில் கேட்பது

அதற்குள் ஒரு நோட்டு தயாராக இருக்க வேண்டும்: தேதி, நேரம், எந்த அறை, ஜன்னல் திறந்தா மூடியா, காற்று எந்தத் திசை, குழந்தைக்கு இருமல் வந்ததா. நீங்கள் அடைத்த இடங்களின் போட்டோ. ஆட்களைப் படம் பிடிக்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்.

*ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் உள்ள கட்டடமா?* அப்படியென்றால் பாடி கார்ப்பரேட் இருக்கும், அதாவது எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பு. முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ எழுதி, அவர்கள் மூலம் அதை நடத்துகிற டிரஸ்டிகளிடமும் மேனேஜிங் ஏஜென்டிடமும் போங்கள். 2011-ஆம் ஆண்டின் செக்‌ஷனல் டைட்டில் நிர்வாகச் சட்டம், 13-ஆவது பிரிவில், ஒருவர் தன் ஃபிளாட்டை மற்ற குடியிருப்பவர்களுக்குத் தொல்லை தரும்படி பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது பாடி கார்ப்பரேட்டின் கடமை என்று நிர்வாக விதிகளும் சொல்கின்றன. கடிதத்தில் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். கட்டட விதிகளின் நகல் உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அவர்கள் அசையாவிட்டால் சிஎஸ்ஓஎஸ் என்கிற சமூகக் குடியிருப்புக் குறைதீர்ப்பு அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருக்கும் வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். உள்ளுக்குள் முறையிட்ட கடிதங்களை முதலில் கேட்பார்கள். சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் தீர்ப்பாளர் விசாரிப்பார். இந்த நடத்தை தொல்லைதான், இப்படிச் செய்ய வேண்டும் அல்லது செய்யக் கூடாது என்று உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதை நீதிமன்ற உத்தரவு போலவே நடைமுறைப்படுத்தலாம். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை, உங்கள் நோட்டுதான் சாட்சி.

*முழுக் கட்டடமும் ஒரே ஆளுடையதா, அல்லது சாட்ஸ்வொர்த் பக்கத்து மாநகராட்சி வாடகை ஃபிளாட்டா?* பாடி கார்ப்பரேட் இல்லாத இடத்தில் இந்த வழி செல்லாது. வீட்டுக்காரரோடுதான் உங்கள் பேச்சு. ஓட்டையை அடைக்க மறுத்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

எந்த நிலையிலும் வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்திய மறுநாளிலிருந்து பேச்சு புகையை விட்டு உங்கள் பாக்கிக்குத் திரும்பிவிடும்.

உடனே ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது

பிளக் பாயின்டில் நாற்றத்தோடு சூடும் இருந்தால் அது சிகரெட் இல்லை, வயர் கருகுகிறது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கேஸ் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம் வந்தால் ஜன்னல்களைத் திறந்து வெளியே போங்கள். பிள்ளைக்கு மூச்சிரைத்து, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமலோ உதடு நீலமாகவோ இருந்தால் ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

வீடு மாறுவதென்று முடிவானால்

குறித்த கால ஒப்பந்தமாக இருந்து, வீடு வாடகைக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவர் வீட்டுக்காரர் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலைநாள் முன்கூட்டி எழுத்தில் சொல்லி முடித்துக்கொள்ளலாம். நியாயமான ரத்துக் கட்டணம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அது எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

புது வீட்டை வேலை நாள் மாலை ஏழு மணிக்குமேல் பாருங்கள், எல்லோரும் வீடு திரும்பிப் பிடிக்கிற நேரம் அது. கீழ் பால்கனியில் ஆஷ்ட்ரே இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். சிங்க்கின் அடிக் கதவைத் திறந்து முகர்ந்து, குழாய் ஓட்டை பூசியிருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பாருங்கள். ஏஜென்ட் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. கையெழுத்துப் போடுமுன் கேட்டால் அந்த ஓட்டையை அவர்கள் செலவிலேயே அடைத்துத் தருவார்கள்.